பச்சை காட்டிய தெரு

“…அதாவது கழுவாம வெச்சிருக்கச் சொல்றேள். சாக்கடை ஜலம் ராத்திரி பூரா உள்ளே குடியிருந்துட்டுப் போயிருக்கு. அந்தக் கறையைப் பார்த்துண்டே நான் பகவானுக்கு விளக்கேத்தணும். நன்னா இருக்கே அண்ணாச்சி, ரொம்ப நன்னா இருக்கே!”

பக்கத்து வீட்டு மாமி இதைச் சொன்னபோது பொழுது சரியாக விடிந்திருக்கவில்லை. அவர் கையில் தென்னந்துடைப்பம். புடவையைக் கணுக்கால் தெரியத் தூக்கிச் செருகியிருந்தார். கதவு பாதிதான் திறந்திருந்தது, அந்தப் பாதியையும் அவரே நின்று அடைத்திருந்தார். இரவெல்லாம் கொட்டிய மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. நான் படிக்குக் கீழே, ஒரு கையில் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் ஸ்கேலும் மறு கையில் மொபைலுமாக, பெண் பார்க்கப் போகிற வீடு மாறிப் போனவன் மாதிரி நின்றேன்.

மாமிக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது இருக்கட்டும். ஒரு மனுஷன் விடியாத நேரத்தில் ஸ்கேலும் கையுமாக அடுத்த வீட்டு வாசலில் போய் நிற்கும் நிலைமைக்கு எப்படி வந்தான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்தது நாஞ்சில் நாட்டில். பத்தாம் வகுப்பு முடிந்ததும் பஸ் ஏறித் திருவனந்தபுரம் வந்து, சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த மளிகைக் கடையில் நின்றவன். அப்புறம் படித்ததெல்லாம் சரக்குக் கட்டி வந்த பழைய தாள்களிலும் கடைக்கு வந்தவர்கள் வாயிலும்தான். மனுஷர் வாயிலிருந்து வரும் பேச்சு எனக்குப் பித்து. மழையில் மூட்டை நனைந்துகொண்டிருந்தபோது ஒரு லோடுமேன் அண்ணாந்து பார்த்து, “மேல உள்ளவனுக்கு இன்னைக்கு பைப்பு கேடாயிப் போச்சு” என்றார். புளி வாங்க வந்த ஒரு அம்மாள், “நக்கிப் பாத்தா எல்லாம் ஒரே புளிதான் அண்ணாச்சி, வெலை பேசுகதுக்குத்தான் ரகம் வச்சிருக்கேரு” என்றார். இந்த மாதிரிப் பேச்சுகளை நான் எழுதி வைத்ததில்லை. ராத்திரி வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்வேன், அவள் சிரிப்பாள். அவ்வளவுதான் ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டில் ஒரு பக்கம் இப்போது இல்லை. கடையும் முதலாளி போனபின் மூடிவிட்டது. மகள் மஸ்கட்டில். வெள்ளிக்கிழமை கூப்பிடுவாள், “சாப்பிட்டியாப்பா” என்பாள். நான் சாப்பிட்டேன் என்பேன். பால் பாக்கெட் கொண்டுவருகிறவரிடம் “ஒண்ணு” என்று சொல்வதுதான் ஒரு நாளில் நான் பேசும் முதல் சொல். சில நாட்களில் அதுவே கடைசிச் சொல்லாகவும் இருக்கும். பேசிப் பிழைத்தவனுக்கு இது எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? தொண்டை ஒருமாதிரி துருப்பிடித்துவிடுகிறது. டீக்கடையில் போய் “ஒரு சாயா” என்று சொல்லும்போது குரல் வேறு யாருடையதோ போல வரும்.

நான் வாடகைக்கு இருக்கும் வீடு வலியசாலைப் பக்கத்தில் ஒரு பழைய தெருவில், கால்வாயைப் பார்த்துச் சரியும் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் தெரு. எனக்கு அப்புறம் மாமியின் வீடு, அதற்கு அப்புறம் கால்வாய்க்குப் போகும் சந்து. எனக்கும் மாமிக்கும் நடுவே ஒரே சுவர். மாமி டி.வி. செய்தி வாசிக்கிறவரைத் திட்டுவது எனக்குக் கேட்கும். நான் மிளகாய் வறுத்தால் அவருக்குத் தும்மல் வரும். என் வீட்டுச் சொந்தக்காரர் எப்போதோ தரையை மண் நிரப்பி உயர்த்தி டைல்ஸ் போட்டுவிட்டார். மாமி வீட்டுத் தரை பழைய மட்டத்திலேயே கிடக்கிறது. அதனால் என் வீட்டுக்கு வர வேண்டிய தண்ணீரும் சேர்த்து மாமி வீட்டுக்குப் போகும். நான் செய்த காரியமல்ல, ஆனாலும் மழை பெய்யும்போது என் உலர்ந்த டைல்ஸ் மேல் நடப்பதற்குக் கூச்சமாகத்தான் இருக்கும்.

மாமிக்கு எழுபது தாண்டிவிட்டது. மாமா போய்ப் பல வருஷமாகிறது. ஒரே மகன் புனேயில். முன்னொரு வருஷம் பெரிய வெள்ளம் வந்தபோது மாமி கட்டில் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, சுவரைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். நானும் எதிர்வீட்டுக்காரருமாகத் தூக்கிக்கொண்டு வந்து என் வீட்டில் உட்கார வைத்தோம். மகன் அடுத்த விமானத்தில் வந்து இறங்கினார். ஈரக் கட்டிலையும் வீங்கிப்போன அலமாரியையும் சுற்றிப் பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல் சொன்னார்: “அம்மா, இன்னொரு தடவை ஜலம் உள்ளே வந்துதுன்னா, வீட்டைப் பூட்டிண்டு நீ என்னோட வரே. அப்பறம் பேச்சே கிடையாது.” மாமி சரி என்றார். என் காதால் கேட்டேன். அவர் போனபிறகு மாமி என்னிடம் சொன்னது இது: “அங்கே எனக்கு ஒண்ணும் குறைவில்லே, அண்ணாச்சி. அவா ரெண்டு பேரும் ஆபீஸ் போயிடுவா. நான் லிஃப்டுல ஏறி இறங்கிண்டிருப்பேன். லிஃப்டுக்குள்ளே ஒரு கண்ணாடி இருக்கு. பேசறதுக்கு அதுதான் ஆளாக்கும்.”

அதன்பிறகுதான் தெருவுக்குப் புது ஓடை, அதாவது மழைத்தண்ணீர் வடிகிற சாக்கடை, வந்தது. மழை இனிமேல் இப்படித்தான் கொட்டும், அதற்கு ஊர் தயாராக வேண்டும் என்று சொல்லி, தெரு நெடுகப் பழைய ஓடையைத் தோண்டி எடுத்துவிட்டு, உயரமாக, அகலமாக, மேலே ஸ்லாப் போட்டுக் கட்டினார்கள். வேலை முடிந்த நாளில் மாமி பாயசம் வைத்து வேலைக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தார். “ஓடைக்குப் பாயசம் வச்ச வீட்டை இப்பந்தான் பாக்கேன்” என்று நான் கேலி செய்தேன். “ஓடைக்கு இல்லே, எனக்கு. நான் இங்கேயே இருக்கப்போறேனோல்லியோ” என்றார்.

ஓடை வந்த கொஞ்ச நாளில் ஒரு தன்னார்வ அமைப்பிலிருந்து ஒரு மலையாளப் பெண் வந்தாள். வயது முப்பதுக்குள் இருக்கும். சினிமா பார்த்துக் கற்ற தமிழ். தெருச் சங்கத்தின் சின்ன அறையில் எங்களையும், கால்வாய்க்கரை வரிசை வீடுகளின் பெண்கள் அயல்கூட்டம் என்று நடத்தும் சுயஉதவிக் குழுவையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசினாள். பணம் செலவழித்துக் கட்டுகிறவர்கள் கட்டி முடித்ததோடு போய்விடுவார்கள், அது மழைக்கு நின்றதா என்று பார்க்க ஆள் கிடையாது, அதை அந்தந்த இடத்தில் குடியிருக்கிறவர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றாள்.

“பணி முடிஞ்சோன்னு அவங்க நோக்கும், அங்கிள். அது பலிச்சோன்னு நம்மள்தான் நோக்கணும்.”

எனக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. நல்ல பேச்சாக ஒன்று காதில் விழுந்து எவ்வளவு நாளாயிற்று! எங்கள் தெருவுக்கு ஒரு ஆள் வேண்டும், பெரிய மழைக்கு மறுநாள் காலை வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும் என்றாள். நான் கையைத் தூக்கினேன். உள்ளதைச் சொல்கிறேன், பருவநிலை மேல் எனக்கு வந்த கவலையில் தூக்கிய கையல்ல அது. தட்டினால் கதவைத் திறக்க வேண்டிய கட்டாயம் நாலு பேருக்கு வருமே என்றுதான்.

வேலை எளிது. மொபைலில் ஒரு ஆப். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்டம். தண்ணீர் வந்திருந்தால், சுவரில் கறை நின்ற இடத்தில் ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும், வீட்டுக்காரர் சம்மதத்தோடு. கட்டம் சிவப்பாகும். அந்தப் படம் தெருச் சங்கத்தின் வாட்ஸப் குழுவுக்கும் போகும், வெளியூரில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று. மத்தியானத்துக்குள் படம் வராவிட்டால் கட்டம் தானாகவே பச்சையாகிவிடும். சிவப்புக்கு அத்தாட்சி வேண்டும். பச்சைக்கு ஒன்றும் வேண்டாம்.

முதல் பெரிய மழைக்கு மறுநாள் நான் தெருவில் இறங்கினேன். தெரு ஒரு பொட்டுத் தண்ணீர் தேங்காமல் கிடந்தது. முன்பெல்லாம் முழங்காலுக்குத் தண்ணீர் நிற்கிற இடத்தில் ஒரு பூனை உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தது. வீடு வீடாகக் கேட்டேன். “ஒண்ணுமே இல்லே”, “க்ளீனா இருக்கு, பாருங்கோ”, “காப்பி குடிச்சுட்டுப் போங்கோ.” நாலு வீட்டுக் காப்பியும் குடித்தேன். இவ்வளவு பேச்சுப் பேசி எத்தனை காலம்! அன்றைக்கு ராத்திரி எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அந்தத் தொண்டைக் கட்டுகூட இனிப்பாகத்தான் இருந்தது.

இரண்டாவது மழைக்கு மறுநாள்தான் எனக்கு ஒன்று உறைத்தது. விடிவதற்கு வெகு முன்னாலேயே சுவருக்கு அப்பால் துடைப்பச் சத்தம் கேட்டது. வாசல் பெருக்குகிற சத்தம் இல்லை அது. தண்ணீரைத் தள்ளுகிற சத்தம். தள்ளித் தள்ளி, பக்கெட்டை இழுத்து, மறுபடியும் தள்ளி. கடையில் ஒழுகுகிற கூரைக்குக் கீழே நின்று அந்தச் சத்தத்தோடு பழகியவன் நான். எட்டு மணிக்குக் குளித்து நெற்றிக்கு இட்டுக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். மாமி சிரித்த முகமாகத் திறந்தார். தரை பளிச்சென்று இருந்தது. சுவர் அடிவரை துடைத்திருந்தது. ஃபினாயில் வாசனைக்கு மேலே ஊதுபத்தி வாசனை.

“என்ன மாமி, ராத்திரி வெள்ளம் வந்துட்டோ?”

“அதெல்லாம் இல்லே. வாசல் தெளிக்கறச்சே செத்தெ ஜாஸ்தியா கொட்டிட்டேன்.”

“வாசல் தெளிச்ச வெள்ளமா அடுக்களை வரைக்கும் போச்சு?”

மாமி தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டார். பின்கட்டில், வீட்டுத் தண்ணீர் குழாய் வழியாகத் தெரு ஓடைக்குப் போவதற்குச் சுவரடியில் ஒரு துவாரம் இருக்கிறது. அந்தத் தெருவில் அதை ஜலதாரை என்பார்கள். புது ஓடையை உயர்த்திக் கட்டியதில் ஓடை மேலே போய்விட்டது, ஜலதாரை கீழே தங்கிவிட்டது. மழையில் கால்வாய் நிரம்பினால் ஓடைத் தண்ணீர் போக வழியில்லாமல் திரும்பி, ஜலதாரை வழியாக வீட்டுக்குள் ஏறுகிறது. தெரு காய்ந்து கிடக்கிறது, வீடு நனைகிறது. தெருவில் நின்று பார்க்கிற யாருக்கும் அது தெரியாது.

“எழுதிடாதீங்கோ, அண்ணாச்சி. எழுதினேள்னா நான் பூனாவுக்குப் போணும். அவன் அந்தக் குரூப்புல இருக்கான்.”

எழுதுவதற்கு என்ன இருந்தது? சுவரில் கறை இல்லை. ஸ்கேலை எங்கே வைப்பது? கட்டம் மத்தியானம் தானாகப் பச்சையானது.

அப்புறம் கவனித்தேன், மாமி வீடு மட்டுமில்லை. சரிவில் இருந்த மற்ற சில வீடுகளிலும் அதே வாசனை, அதே பளிச். மாமியைப் போல மறைக்கிறவர்கள் அல்ல அவர்கள். அந்தத் தெருவின் வழக்கம் அப்படி. சாக்கடைத் தண்ணீர் உள்ளே வந்தால் தீட்டு, கழுவித் துடைத்துவிட்டுத்தான் விளக்கேற்ற வேண்டும், விடிவதற்குள் ஏற்றியாக வேண்டும். கழுவியாகிவிட்டால் வரவில்லை என்பதுதான் கணக்கு. “வந்துதா?” என்று கேட்டால், “போயிடுத்து” என்பார்கள். சாமி விளக்கு ஏற்றாத வீட்டுக்கு இன்னொருத்தர் போகக்கூடாது என்பதும் அந்தத் தெருவின் மரியாதை. அதைத் தெரிந்தவன் என்பதால் நான் எட்டு மணிக்குப் போகிறேன். அவர்கள் கழுவுகிற மரியாதையும் நான் தாமதிக்கிற மரியாதையுமாகச் சேர்ந்து, அந்த மழைக்காலம் முழுவதும் எங்கள் தெரு ஒரு சிவப்பும் இல்லாமல் பச்சையாகவே நின்றது.

ஒரு வீட்டில் விஷயத்தைச் சொல்லிப் பார்த்தேன். “போட்டோவா? எங்காத்து ஜலதாரையையா? நன்னாச் சொன்னேள், நாளைக்கு ஊரெல்லாம் பார்க்கட்டும்னா?” இன்னொரு வீட்டுக்காரர் வீட்டை விற்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். சிவப்பு என்ற வார்த்தையைக் கேட்டதுமே கதவைச் சாத்திவிட்டார். என்னைப் பார்த்து மூடுகிற கதவுகள் அந்த வாரம் கொஞ்சம் கூடிப்போயின.

வார்டுக் கூட்டம் வந்தது. சுவரில் வெளிச்சம் அடித்துப் படம் காட்டினார்கள். எங்கள் தெரு வெண்டைக்காய்ப் பச்சையில் மின்னியது. ஓடை வேலைக்குப் பொறுப்பான அதிகாரி எழுந்து, மக்களே பார்த்துக் கொடுத்த சான்று இது, மாதிரித் தெரு இது என்றார். இதே அளவில், இதே உயரத்தில் அடுத்ததாகக் கால்வாய்க்கரை வரிசைக்கு ஓடை கட்டப்போகிறோம், அடுத்த கூட்டத்தில் கையெழுத்து என்றார். கை தட்டினார்கள். அதிலே பாதி கைகள் எங்கள் தெருக் கைகள்.

அயல்கூட்டத்தின் செயலாளர் பாறசாலைப் பக்கத்துத் தமிழ்ப் பெண், கால்வாய்க்கரையில்தான் வீடு. கூட்டம் கலையும்போது என் முன்னால் வந்து நின்றார். கோபமாகக்கூட இல்லை. களைத்துப்போன முகம். எங்கள் சரிவு வீடுகள் விடியுமுன் கழுவுவதை அவர் கரையிலிருந்து பார்த்திருக்க வேண்டும்.

“அண்ணாச்சி, எங்க வீட்டுத் தரை உங்க மாமி வீட்டுத் தரைக்கும் கீழயாக்கும். இந்த ஓடை அங்க வந்துதுன்னா பிள்ளையள தூக்கிட்டு நாங்க எங்க போவோம்? உங்க பச்சை எங்கள முக்கிப்போடும், கேட்டேளா.”

இப்படி ஒரு பேச்சு கிடைத்தால் முன்பெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோக ஆவலாக இருக்கும். அன்றைக்குக் கொண்டுபோக மனமில்லை. கொண்டுபோனாலும் யாரிடம் இறக்குவது?

மலையாளப் பெண் படியில் காத்துக்கொண்டிருந்தாள். “சத்தியம் சொல்லு அங்கிள். வெள்ளம் வருதோ?”

வருகிறது என்றேன். எப்படி வருகிறது, ஏன் தெரிவதில்லை என்று சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்புறம் சிரித்தாள். அழுவதற்குப் பதில் வந்த சிரிப்பு அது. “ஞான் ஆப்பு உண்டாக்கும்போ எல்லாம் ஆலோசிச்சேன், அங்கிள். நெட்வொர்க் இல்லேன்னா எந்து செய்யும், வயசான ஆளு எங்ஙனே படம் எடுக்கும்னு. நம்ம ஆளுகள் கழுவிக்களயும்னு மட்டும் ஆலோசிச்சில்ல.”

ஓடை கால்வாயில் சேரும் வாயில் ஒரு கதவு வைத்து, தண்ணீர் ஒரு பக்கமாக மட்டும் போகும்படி செய்யலாம், உயரத்தையும் குறைக்கலாம் என்றாள். ஆனால் கூட்டத்தில் வாயால் சொன்னால் நிற்காது. மழைக்காலம் பூராவும் பச்சை காட்டிய தெருவை யார் நம்புவார்கள்? “ஒரு படம் மதி, போதும் அங்கிள். கறையும் ஸ்கேலும். பின்னே கூட்டத்துல ஞான் பறஞ்சுக்கொள்ளாம்.” கறை அளக்கிற உயரத்துக்கு நிற்கிற வீடு எங்கள் வரிசையில் ஒன்றுதான். அது யார் வீடு என்று நான் சொல்லவில்லை. அவளுக்கும் தெரிந்திருந்தது, கேட்கவில்லை.

அதன்பிறகு மழைக்காகக் காத்திருந்தேன், வரக்கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன். சாயங்காலங்களில் சுவருக்கு அப்பால் மாமி செய்திக்காரரோடு சண்டை போடுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தச் சத்தம் இல்லாமல் அந்தச் சுவர் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். என் மனைவி போனபின் சமையலறைப் பக்கச் சுவர் எப்படி இருந்ததோ அப்படித்தான் இருக்கும். நான் அந்த அறையில் இப்போது சாப்பிடுவதில்லை.

மழை வந்தது. இரவு முழுக்க வந்தது. துடைப்பச் சத்தம் தொடங்குவதற்கு முன்னால் போய்விட வேண்டும் என்று எழுந்து, குளிக்காமல், நெற்றிக்கு இடாமல், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக விளக்கேற்றாத வீட்டு வாசலில் போய் நின்றேன். வந்த விஷயத்தைச் சொன்னேன். அப்போதுதான் மாமி, நான் முதலில் சொன்னேனே, கழுவாமல் விளக்கேற்றுவது பற்றிய அந்தப் பேச்சைப் பேசினார்.

“விளக்கு பொறவு ஏத்தலாம், மாமி. ஒரு படம் எடுத்துக்கிட்டு நான் போயிருவேன்” என்றேன்.

“படம் மட்டுந்தானே உங்களுக்கு. அது எங்கெல்லாம் போகும்னு எனக்குத் தெரியாதோ? மத்தியானத்துக்குள்ளே அவன் டிக்கெட் எடுத்துடுவான்.”

“தெரியும் மாமி.”

“தெரிஞ்சுண்டுதான் வந்தேளா?”

நான் கால்வாய்க்கரைச் செயலாளர் சொன்னதைச் சொன்னேன். அவர் சொன்ன மாதிரியே, ஒரு வார்த்தை கூட்டாமல் சொன்னேன். வேறொருத்தர் பேச்சைச் சேதமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒன்றுதான் எனக்கு உருப்படியாகத் தெரிந்த வேலை. மாமி கேட்டுக்கொண்டு நின்றார். துடைப்பத்தின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவருக்குப் பின்னால், பாதிக் கதவு வழியாக, சுவரில் அந்தக் கறை தெரிந்தது. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, ஆள் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக ஓடியது. ஈரம் காயக் காயக் கறுத்துக்கொண்டு வந்தது.

அந்தக் கறுப்பைப் பார்த்தபோது எனக்குத் தைரியம் போய்விட்டது. பூட்டிய கதவும், சத்தமில்லாத சுவரும், பால்காரரிடம் “ஒண்ணு” சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கும் நானும் வரிசையாகக் கண்ணில் வந்தோம்.

“வேண்டாம் மாமி, கழுவிருங்க” என்றேன். “நான் வரல்லேன்னு வச்சுக்கிடுங்க. வேற வீட்டுல பாத்துக்கிடுதேன்.”

“வேற எந்த ஆத்துல?”

நான் கையிலிருந்த ஸ்கேலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“சொல்லுங்கோளேன். ஊர்ப்பட்ட பேச்சுப் பேசுவேளே.”

“நீங்க போயிட்டா எனக்குப் பேச ஆளு இல்லே, மாமி” என்றேன். சொல்ல வந்தது அது இல்லை. அதுதான் வந்தது.

மாமி துடைப்பத்தைக் கை மாற்றிப் பிடித்தார். “இதை ஆப்புல போடறதுக்கு ஒரு கட்டம் இருக்கோ?” என்றார். நான் சிரிக்க முயன்றேன். அவர் சிரிக்கவில்லை.

“அவாளுக்குப் போறதுக்கு ஒரு இடம் உண்டோ, அந்தக் கரையிலே இருக்கறவாளுக்கு?”

“இல்லே.”

“எனக்கு இருக்கு. அதுதான் எனக்குக் கஷ்டம். அவாளுக்கு அந்தக் கஷ்டங்கூடக் கிடையாது, பாருங்கோ.”

துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். செருகியிருந்த புடவையை இறக்கி விட்டார். ஒதுங்கி நின்று, “செருப்போடயே வாங்கோ, உள்ளேயும் தெருதான் இப்போ” என்றார். நான் உள்ளே போனேன். தரையில் மண்டி வழுக்கியது. ஸ்கேலைக் கறையோடு ஒட்டி வைத்தேன். வெளிச்சம் போதாமல் முதல் படம் மங்கலாக வந்தது. இரண்டாவது சரியாக வந்தது. அனுப்புவதற்கு விரலைக் கொண்டுபோனபோது மாமி என் கையைத் தடுத்தார். அவராக என்னைத் தொட்டது அது ஒரு தடவைதான்.

“இருங்கோ. அவன் குரூப்புல பார்த்து இதைத் தெரிஞ்சுக்கப்படாது. அம்மா மறைச்சாள்னு ஆயிடும்.”

அலமாரி மேல் இருந்த தன் மொபைலை எடுத்து, முந்தானையில் திரையைத் துடைத்து, மகனைக் கூப்பிட்டார். மணி வெகுநேரம் அடித்தது. அப்புறம் தூக்கம் கலையாத ஒரு முகம் திரையில் வந்தது. “என்னம்மா, இத்தனை காலம்பற? உடம்புக்கு ஒண்ணும் இல்லியே? அம்மா?”

மாமி மொபைலை மெதுவாகத் திருப்பி, குனிந்து, சுவரில் கறை இருந்த இடத்துக்கு நேராக, ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.